காட்டுக்குள் மானுக்கு தீனி... தோட்டத்தில் விவசாயிக்கு நிம்மதி! உண்ணிச்செடியை பிடுங்கி புல்வெளி ஆக்குவது எப்படி?

கோவை,

மலை அடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிய கதை இல்லை. ராத்திரி நல்லாத்தான் இருந்தது. விடியக்காலையில் போய் பார்த்தால் சோளப்பயிரின் நுனியை கத்தரியால் வெட்டியது போல் இருக்கும். தட்டைப்பயறு கொடியில் தளிரும் இருக்காது, பூவும் இருக்காது. வாய்க்கால் ஈரத்தில் இரண்டாக பிளந்த சின்னச்சின்ன குளம்படிகள். வந்து போனது புள்ளிமான் கூட்டம்.

யானை வந்தால் சத்தம் கேட்கும், பட்டாசு வெடிக்கலாம். பன்றி வந்தால் நாய் குரைக்கும். மான் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஆடு, மாடுகளுக்கு சொல்லும் பொதுக்கணக்குப்படி, ஒரு நாளைக்கு உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு பசுந்தீனி வேண்டும். 50 கிலோ எடை மானுக்கு 5 கிலோ. 20 மான் சேர்ந்து வந்தால் 100 கிலோ பச்சைப்பயிர் போச்சு. அதுவும் இளம்பயிரின் குருத்தாக பார்த்து தின்பதால், மிச்சம் நிற்பதிலும் கதிர் பிடிக்காது.

"காடு முழுக்க பச்சையாத்தானே இருக்கு... அதை விட்டுட்டு இங்கே எதுக்கு வருது?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கான பதிலில்தான் வனத்துறை இப்போது செய்து வரும் ஒரு வேலையின் சூட்சுமமே இருக்கிறது.

பச்சை எல்லாம் தீனி ஆகுமா?

ரோட்டில் இருந்து பார்த்தால் காடு அடர்த்தியாகத்தான் தெரியும். கிட்டே போய் பார்த்தால் பல இடங்களில் அது உண்ணிச்செடி. மஞ்சளும் சிவப்புமாக கொத்துக்கொத்தாக பூக்கும், கையில் கசக்கினால் நெடி அடிக்கும், தண்டில் முள் இருக்கும். அதே செடிதான்.

இது நம்ம ஊர் செடி இல்லை. அமெரிக்க கண்டத்து செடி. 1800-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காக கொண்டு வந்தார்கள். வேலிக்கு நல்லா இருக்குதே என்று நாடு முழுக்க நட்டார்கள். பழத்தை குருவி தின்று, விதையை காட்டுக்குள் போட்டது. இன்று என்ன நிலைமை தெரியுமா? நாட்டில் புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல், அதாவது ஒன்றரை லட்சம் சதுர கிலோ மீட்டருக்கு மேல் உண்ணிச்செடி பரவி விட்டதாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம்ம தமிழ்நாட்டின் மொத்த பரப்பளவே 1 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோ மீட்டர்தான்!

உண்ணிச்செடி இலையில் விஷத்தன்மை உண்டு. பசி தாங்காமல் மாடு இதை தின்றால் ஈரல் கெட்டுப்போகும். கண் மஞ்சள் ஆகும், வெயில் பட்ட இடத்தில் தோல் உரியும். பட்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. மானும் இதை விரும்பித் தின்பதில்லை. செடி தின்பதற்கு உதவாது என்பது ஒரு பக்கம். அது ஆள் உயரத்துக்கு மேல் புதராக மண்டி வெயிலை மறைத்து விடுவதால், அடியில் ஒரு புல் முளைக்காது. மான் பார்வையில் அந்த காடு வெறும் களத்துமேடு மாதிரிதான்.

கூட்டாளிகள் இரண்டு பேர்

உண்ணிச்செடியோடு சேர்ந்து இன்னும் இரண்டு பேர் காட்டை பிடித்து இருக்கிறார்கள்.

ஒன்று சீமைக்கருவேலம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் இது பெரிய தலைவலி. அங்கே வாழும் வெளிமான்களுக்கு திறந்தவெளி வேண்டும். தூரத்தில் எதிரியை பார்த்ததும் ஓட்டம் பிடிப்பதுதான் அதன் ஒரே ஆயுதம். முள்காட்டுக்குள் எங்கே ஓடுவது? இதில் வேடிக்கை என்னவென்றால், சீமைக்கருவேல நெற்றை வெளிமானே ஆசையாக தின்னும். விதை சீரணம் ஆகாமல் புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கும். தன் வீட்டை அடைக்கும் முள்ளை மானே விதைத்துக் கொண்டு போகிறது!

இன்னொன்று மஞ்சக்கொன்னை. அழகுக்காக கொண்டு வந்த மரம். நீலகிரி முதுமலை பக்கம் காட்டையே மஞ்சளாக்கி விட்டது. வெட்டினால் நாலு கிளையாக துளிர்க்கும். இந்த மரத்தை வெட்டி எடுத்து காகிதக்கூழ் தயாரிக்கும் வேலை கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்கு கொடுக்கப்பட்டது.

இந்த மாதிரி அந்நிய செடிகளை ஒழித்து காட்டை பழைய நிலைக்கு கொண்டு வருவதற்கென்றே தமிழக அரசு 2022-ல் தனியாக ஒரு கொள்கை வெளியிட்டது. சென்னை ஐகோர்ட்டும் இந்த விஷயத்தில் அரசை தொடர்ந்து முடுக்கி வருகிறது.

கொரங்காடு தெரிந்தவர்களுக்கு இது புரியும்

மானுக்கு புல்வெளி என்றதும் மரத்தை எல்லாம் வெட்டி மொட்டை அடிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனவர்கள் கொரங்காட்டை பார்த்திருப்பார்கள். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே தரை முழுக்க கொழுக்கட்டைப்புல். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். மரம் இடைவெளி விட்டு நிற்பதால் வெயில் தரைக்கு வரும், புல் முளைக்கும். வெயில் காலத்தில் புல் காய்ந்தால் வேலங்காய் உதிரும், அது தீனி. ஒரு காட்டில் மேய்ந்து முடிந்ததும் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். மேய்ந்த இடம் ஆறும்.

காங்கேயம் காளையை உருவாக்கிய மேய்ச்சல் நிலம் அதுதான். வேலி ஒன்றை மட்டும் எடுத்து விட்டால், வனத்துறை காட்டுக்குள் செய்ய நினைப்பதும் ஏறக்குறைய அதேதான். நாட்டு மரம் அப்படியே நிற்கும். அந்நிய புதர் மட்டும் போகும். அந்த இடத்தில் புல் வரும்.

புள்ளிமான் முதலில் தேடுவது புல்லைத்தான். மழைக்கு அப்புறம் துளிர்க்கும் இளம்புல் என்றால் கூட்டமாக வந்து நிற்கும். கோடையில் தழை, உதிர்ந்த பூ, நெல்லி மாதிரி காய்கள் தின்னும். குரங்கு மரத்தில் இருந்து பிய்த்துப்போடும் தழைக்காக கீழேயே காத்து நிற்பதும் உண்டு. கடமான் புல்லும் தின்னும், தழையும் கடிக்கும். ஆக, புல்லும் வேண்டும், காய்க்கிற மரமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வருஷம் பூரா தாங்காது.

வேலை எப்படி நடக்கும்?

கோவை வனக்கோட்டத்திலும் சுற்றியுள்ள காப்பகங்களிலும் புதரை அகற்றி தீவனப்புல் வளர்க்கும் வேலைகள் சில வருஷங்களாக நடந்து வருகின்றன. கேட்க சுலபம்தான். செய்வது கஷ்டம். ஒவ்வொரு கட்டமாக பார்ப்போம்.

முதல் வேலை, செடியை எடுப்பது. அரிவாளால் வெட்டினால் போதாது. வெட்ட வெட்ட அடிக்கட்டையில் இருந்து முன்னை விட அதிகமாக துளிர்க்கும். தீ வைத்தாலும் அதே கதைதான். டெல்லி பல்கலைக்கழக பேராசிரியர் சி.ஆர்.பாபுவும் அவரது குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மண்ணுக்கு சற்று கீழே, துளிர் விடும் பாகத்துக்கு அடியில் ஆணிவேரை வெட்ட வேண்டும். பிறகு புதரை அப்படியே தூக்கி தலைகீழாக போட்டு காய விட வேண்டும். பெரிய எந்திரம் வேண்டாம், மண்ணும் அதிகம் கிளறாது. காய் பழுப்பதற்கு முன்னால் எடுத்தால் விதையும் விழாது.

இரண்டாவது, ஒரே அடியாக எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. குட்டி போட்ட மான், முதல் சில நாட்களுக்கு குட்டியை புதர் மறைவில் படுக்க வைத்துவிட்டுத்தான் மேயப்போகும். மறைவே இல்லாமல் துடைத்து விட்டால் குட்டி நாய்க்கும் நரிக்கும்தான் போகும். அதனால் பட்டை பட்டையாக, பகுதி பகுதியாக எடுப்பதுதான் முறை.

மூன்றாவது, புல். செடியை எடுத்ததும் சும்மா விட்டால் மறு மழைக்கு உண்ணிச்செடியே திரும்ப வரும். மண்ணில் கிடக்கும் விதை அவ்வளவு. அதனால் மழையோடு மழையாக புல்லை இறக்கி விட வேண்டும். அதே காட்டில் பக்கத்தில் விளையும் நாட்டுப்புல்லில் கதிர் முற்றியதும் விதை சேகரித்து வைத்து தூவலாம். வேரோடு கரணையாக பெயர்த்தும் நடலாம். நம்ம பக்கம் தென்மேற்கு பருவமழை, வடகிழக்கு பருவமழை என்று இரண்டு வாய்ப்பு கிடைக்கும்.

நான்காவது, காவல். புல் வேர் பிடிக்கும் வரை மேய விடக்கூடாது. கோடைக்கு முன்னால் தீத்தடுப்பு கோடு போட வேண்டும். துளிர்த்து வரும் உண்ணிச்செடியை குறைந்தது மூன்று வருஷமாவது திரும்பத்திரும்ப பிடுங்க வேண்டும். பல திட்டங்கள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். முதல் வருஷம் பணம் ஒதுக்கி சுத்தமாக எடுப்பார்கள். இரண்டாம் வருஷம் பணம் வராது. மூன்றாம் வருஷம் பார்த்தால் பழையபடி புதர்.

ஐந்தாவது, தண்ணீர். பக்கத்தில் குட்டையோ தொட்டியோ இல்லாவிட்டால், புல் தின்ற மான் தண்ணி குடிக்க மறுபடியும் தோட்டத்து தொட்டிக்குத்தான் வரும்.

இதில் கூலி வேலை கிடைப்பதும் ஒரு நன்மை. பிடுங்கிய செடியும் வீண் இல்லை. கர்நாடக எல்லையில் மாதேஸ்வரன் மலையில் சோளகர் மக்கள் உண்ணிச்செடி குச்சியில் நாற்காலி, கூடை செய்கிறார்கள். கூடலூர் பழங்குடி மக்கள் இதே குச்சியால் நிஜ யானை அளவுக்கு செய்த பொம்மை யானைகள் 2021-ல் லண்டன் வரைக்கும் போய் கண்காட்சியில் நின்றன.

கம்பு நேப்பியர் போட்டால் என்ன?

இதுவும் பலர் கேட்பது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில்தான் எத்தனையோ ரகம் தீவனப்பயிர் இருக்கிறதே. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், தீவனச்சோளம், வேலிமசால் எல்லாம் காட்டில் போட்டால் மளமளவென்று வராதா?

வரும். தண்ணி பாய்ச்சினால் வரும். தோட்டத்தில் வாரம் ஒரு தண்ணி விடும் பயிர், காட்டில் பங்குனி வெயிலில் என்ன ஆகும்? காய்ந்து விடும். தவிர, வெளியில் இருந்து கொண்டு வந்து விட்ட செடியால்தானே இத்தனை பாடு? இன்னொன்றையும் கொண்டு போய் விடுவது எந்த ஊர் நியாயம்? அதோடு, தீவனச்சோளத்தை காட்டிலேயே ருசி காட்டி பழக்கி விட்டால், அடுத்து அது தேடி வருவது பக்கத்து தோட்டத்து சோளத்தை.

66-ல் இருந்து ஆயிரம்!

புல்வெளி வந்தால் மான் பெருகுமா? மத்திய பிரதேசத்தில் கன்ஹா புலிகள் காப்பகம் இதற்கு சாட்சி. அங்கே பாராசிங்கா என்றொரு மான் இனம். கொம்பில் பன்னிரண்டு கிளை இருக்கும் என்பதால் அந்த பெயர். புல்லை மட்டுமே நம்பி வாழும். 1970-ல் கணக்கெடுத்தபோது மிச்சம் இருந்தது வெறும் 66. காட்டுக்குள் இருந்த கிராமங்களை வெளியே மாற்றி, அந்த வயல்களை எல்லாம் புல்வெளி ஆக விட்டார்கள். வேலி போட்ட இடத்தில் வைத்தும் பாதுகாத்தார்கள். இன்று எண்ணிக்கை ஆயிரத்தை தொட்டு இருக்கிறது.

ஆனால் அந்த புல்வெளிகளுக்காக வீடு வாசலை விட்டுப்போனது அங்கே இருந்த பழங்குடி மக்கள் என்பதையும் மறக்க முடியாது. ஏற்கனவே உண்ணிச்செடி பிடித்துக்கிடக்கும் இடத்தை மீட்டாலே, யாரையும் எழுப்பி அனுப்பாமல் புல்வெளி கிடைக்கும். நம்ம பக்கத்து திட்டத்தில் உள்ள நல்ல விஷயம் அது.

காட்டுக்குள் மான் இருந்தால் சிறுத்தையும் செந்நாயும் அதை தேடி காட்டுக்குள்ளேயே இருக்கும். மான் தோட்டத்துக்கு வந்தால் பின்னாடியே சிறுத்தையும் வரும். அப்புறம் பட்டியில் ஆடு குறையும். புல்வெளி யானைக்கும் உதவும். ஒரு யானைக்கு நாள் ஒன்றுக்கு 150 முதல் 200 கிலோ தீனி வேண்டும். அதில் புல்லுக்கு பெரிய பங்கு உண்டு.

அந்த புல் யாருக்கு?

இங்கேதான் சிக்கல் வருகிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூர் அருகே பர்கூர் மலையில் காலங்காலமாக காட்டில் பட்டி போட்டு மலைமாடு வளர்க்கிறார்கள். 2022 மார்ச்சில் காட்டில் மாடு மேய்க்க சென்னை ஐகோர்ட்டு தடை விதித்தது. எதிர்ப்பு வந்ததும், புலிகள் காப்பகம், தேசிய பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்கு மட்டும் தடை என்று மாற்றியது. 2024 ஜனவரியில் பர்கூர் பகுதியை உள்ளடக்கி சுமார் 800 சதுர கிலோ மீட்டரில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மாடு வளர்ப்பவர்கள் பயம் இன்னும் தீரவில்லை.

வனத்துறை பக்கமும் காரணம் இருக்கிறது. மாடு அதிகமாக மேய்ந்தால் மானுக்கு புல் மிஞ்சாது. கோமாரி மாதிரி நோய் மாட்டில் இருந்து காட்டு விலங்குக்கு பரவும். மாட்டுக்காரர்கள் பக்கம் கேட்டால், "மாடு போன வரைக்கும் காடு சுத்தமாத்தான் இருந்துச்சு, நாங்க போகாததாலதான் புதர் மண்டிப்போச்சு" என்கிறார்கள். புதர் எடுத்து புல் வளர்க்கும் வேலையில் இவர்களையும் சேர்த்து, எங்கே மானுக்கு, எங்கே மாட்டுக்கு என்று பிரித்துக்கொண்டால் சண்டை குறையும் என்பதே நடுநிலையாளர்கள் கருத்து.

மான் அதிகமானாலும் வம்பு

திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே புதுப்பாளையம் பகுதியில் கௌசிகா நதி ஓரம் நூற்றுக்கணக்கில் புள்ளிமான்கள் இருக்கின்றன. சுற்றிலும் ஊர், தோட்டம், ரோடு. புலி கிடையாது, சிறுத்தை கிடையாது. மான் பெருகிக்கொண்டே போகிறது. பயிர் தின்பதாக விவசாயிகள் புகார். தெருநாய் கடித்தும் வண்டியில் அடிபட்டும் மான்கள் சாவது இன்னொரு பரிதாபம். இந்த மாதிரி இடத்தில் தீவனம் போட்டு வளர்த்தால் கூட்டம் இன்னும் கூடுமே தவிர பிரச்சினை தீராது. பெரிய காட்டுக்கு கொண்டு போய் சேர்ப்பது ஒன்றுதான் வழி.

அந்தமான் தீவுகளுக்கு வெள்ளைக்காரர்கள் புள்ளிமானை கொண்டு போய் விட்டார்கள். அங்கே அதை வேட்டையாட புலியோ சிறுத்தையோ இல்லை. பெருகிப்போய் காட்டில் முளைக்கும் கன்றுகளை எல்லாம் தின்று தீர்க்கிறது. புல்வெளி போட்டால் மட்டும் போதாது, மானை அடிக்கும் விலங்கும் இருக்க வேண்டும் என்பதற்கு இது பாடம்.

கோவை வ.உ.சி. பூங்கா மான்களை எல்லோரும் பார்த்திருப்போம். இட வசதி இல்லாததால் 2022-ல் அந்த உயிரியல் பூங்காவின் அங்கீகாரம் ரத்தானது. அங்கிருந்த புள்ளிமான்கள் 2024-ல் சிறுவாணி அடிவாரத்தில் போளுவாம்பட்டி வனச்சரக காட்டில் விடப்பட்டன. அதற்கு முன்பே காட்டுத்தீனி தின்ன பழக்கினார்கள். கை தீனிக்கு பழகிய மானை திடீரென்று விட்டால் அது ஊரைத்தான் தேடி வரும்.

நீங்களே போடலாமா?

அமெரிக்காவில் தனியார் காட்டில் மரத்தை எடுத்துவிட்டு குளோவர், ஓட்ஸ் என்று மானுக்கென்றே விதைப்பார்கள். எதற்கு? தின்ன வரும் மானை சுடுவதற்கு! அங்கே லைசென்சு வாங்கி வேட்டையாடலாம். இங்கே 1972-ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி மானை கொன்றால் ஜெயில். கண்ணி வைப்பதும், கறி வைத்திருப்பதும் குற்றம்தான். வேலியில் நேரடி கரண்டு கொடுப்பது அதை விட ஆபத்து. மானும் சாகும், மனுஷனும் சாவான்.

2025 ஜனவரியில் காட்டில் இருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று அரசு உத்தரவு போட்டது. சிலர் இதை மானுக்கும் சேர்த்து பேசுகிறார்கள். அது தப்பு. அந்த உத்தரவு பன்றிக்கு மட்டும்தான். அதையும் வனத்துறைதான் செய்ய முடியும்.

காப்புக்காட்டில் தனிநபர் புகுந்து செடி வெட்டவோ, விதை தூவவோ அனுமதி கிடையாது. பட்டா நிலமே ஆனாலும், தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட இடமாக இருந்தால் 1949-ம் வருஷ சட்டப்படி மரம் வெட்ட கலெக்டர் தலைமையிலான குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும்.

அப்படியானால் விவசாயி என்னதான் செய்வது? தோட்டத்து வரப்பிலும் ஓடையிலும் உள்ள உண்ணிச்செடியை காய் பழுப்பதற்குள் வேரோடு எடுக்கலாம். இங்கிருந்துதான் குருவி விதையை காட்டுக்கு கொண்டு போகிறது. காட்டு ஓரத்தில் மிஞ்சிய காய்கறி, சோறு கொட்டாமல் இருக்கலாம். பயிர் சேதம் ஆனால் அழித்து விட்டு அடுத்த பயிர் வைக்காமல், உடனே போட்டோ எடுத்து வனச்சரக அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். வருவாய்த்துறை, வேளாண்மைத்துறை ஆட்கள் நேரில் பார்த்து சேதத்தை மதிப்பிட்டால்தான் இழப்பீடு பேச முடியும். கிணற்றில் மான் விழுந்தாலும், நாய் துரத்தி வந்து தோட்டத்தில் ஒடுங்கினாலும் பிடிக்க முயற்சி செய்ய வேண்டாம். பயத்திலேயே உயிர் போய்விடும் பிராணி அது. வனத்துறைக்கு தகவல் கொடுப்பதே சரி.

எந்த வனச்சரகத்தில் எத்தனை ஏக்கர் புதர் எடுத்தார்கள், எத்தனை ஏக்கரில் புல் வந்தது, மூன்றாம் வருஷ பராமரிப்புக்கு பணம் இருக்கிறதா? அடிவார ஊர்க்காரர்கள் குறைதீர்ப்பு கூட்டங்களில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. பிடுங்கிய செடியை கணக்கு காட்டுவது சுலபம். நின்ற புல்லை கணக்கு காட்டினால்தான், விடியக்காலையில் சோளக்காட்டில் பயிர் நிற்கும்.